முப்பது டிகிரியில் திறக்கும் வளையம்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் கார்பன் பிணைப்புகள் அறுபடும் இடங்கள் இரண்டு. ஒன்றை, சென்னையின் மணலிப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள்கூட அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அது வினையூக்கிப் பிளப்புக் கோபுரம். 500 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஜியோலைட் தூளின் மேல் கனத்த எண்ணெயின் ஆவி மோதி, நீண்ட சங்கிலிகள் துண்டாகிப் பெட்ரோலாகின்றன. இன்னொன்று ஆலையின் கடைக்கோடியில், யாரும் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாத ஒரு காற்றூட்டத் தொட்டி. பழுப்பு நிற நீர், அடியிலிருந்து ஓயாமல் கிளம்பும் காற்றுக் குமிழிகள், 30 அல்லது 35 டிகிரி வெப்பம். அங்கும் கார்பன் பிணைப்பு அறுபடுகிறது. அதிலும் பென்சீன் வளையத்தின் பிணைப்பே அறுபடுகிறது. பிளப்புக் கோபுரத்தில் அந்த வளையத்தில் தொங்கும் பக்கச் சங்கிலிகள் கழன்று விழும். வளையமோ பெரும்பாலும் அப்படியே முழுசாக வெளியே வந்துவிடும். அவ்வளவு பெரிய நெருப்புக்கு இளகாதது, வெயிலில் வைத்த தண்ணீரின் சூட்டில் திறந்துகொள்கிறது.

ஆலைக்காரர்கள் ஈ.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சட்டத்தையும் மாசையும் அபராதத்தையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். அதெல்லாம் எழுத வேண்டியதுதான். எனக்கு அதன் அழகைச் சொல்ல ஆசை. பலத்தைக் கூட்டாமல் படிகளைக் கூட்டி, ஒவ்வொரு படியையும் மென்மையாகக் கடந்து, கடினமான காரியத்தை முடித்துவிடும் அழகு அது.

முதலில், வந்து சேரும் நீரைப் பார்ப்போம். நிலத்தடியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயில் உப்பு கலந்திருக்கும். அதை வெந்நீரால் கழுவுகிறார்கள். அந்தக் கழுவுநீர் ஒரு வரத்து. பிளப்புக் கோபுரத்தில் செலுத்திய நீராவி குளிர்ந்து நீராகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அம்மோனியா, ஃபீனால் மூன்றையும் உடன் இழுத்து வரும். அது இன்னொரு வரத்து. இந்த இரண்டையும் இணைக்கும் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிளப்புப் பகுதி நீரிலிருந்து முதலில் சல்ஃபைடையும் அம்மோனியாவையும் நீராவியால் விரட்டிவிட்டு, மிச்ச நீரைக் கச்சா எண்ணெயைக் கழுவக் கொடுக்கிறார்கள். கழுவும்போது நீரில் இருந்த ஃபீனாலில் ஒரு பங்கு எண்ணெய்க்குள் ஏறிக்கொள்கிறது. எண்ணெய் தன் உப்பை நீருக்குக் கொடுக்கிறது, நீர் தன் ஃபீனாலை எண்ணெய்க்குக் கொடுக்கிறது. தொட்டியில் உள்ள நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே அவற்றின் பாரம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

அடுத்தது மிதக்கும் எண்ணெய். ஏ.பி.ஐ. செப்பரேட்டர் என்ற நீண்ட தொட்டியில் நீரை மெல்ல நகரவிட்டால், 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகள் தாமாகவே மேலே வந்துவிடும். அதைவிடச் சிறியவற்றை, நுண்ணிய காற்றுக் குமிழிகளில் ஒட்டவைத்து மேலே தூக்குவார்கள். இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தபோது, மீனவர்கள் வாளியும் குவளையுமாக அதை அள்ளியதைப் பார்த்தோம். தடித்த படலமாக வந்துவிட்ட எண்ணெயிடம் நுண்ணுயிர்களால் உடனடியாக எதுவும் செய்ய இயலாது. அவற்றுக்குக் கரைந்ததாக, அல்லது மிகச் சிறு துளிகளாக வர வேண்டும். லிட்டருக்குப் பத்து, இருபது மில்லிகிராம் எண்ணெய் என்ற அளவுக்கு இறங்கிய பிறகே காற்றூட்டத் தொட்டியின் கதவு திறக்க வேண்டும். இங்கே மென்மையின் எல்லையும் தெரிகிறது. அந்த எல்லையை மதிக்காத இடத்தில் எத்தனை கோடி பாக்டீரியா இருந்தும் பயனில்லை.

இனி ஃபீனால். இதன் கதையில் 1865 ஒரு வினோதமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் கெக்குலே, பென்சீன் ஆறு கார்பன்கள் கைகோத்த ஒரு வளையம் என்று எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில், கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்திருந்த ஒரு சிறுவனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் தோய்த்த கட்டைப் போட்டார். காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனால்தான். லிஸ்டருக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவையானது. கார்லைல் என்ற ஊரில் சாக்கடைக் கழிவில் கார்பாலிக் அமிலத்தைக் கலந்து நாற்றத்தை அடக்கியிருக்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆகவே கிருமிகளைக் கொல்வதற்கென்று உலகம் நம்பி எடுத்த முதல் மருந்துகளில் ஒன்று ஃபீனால். அது சாக்கடையில் ஊற்றப்பட்டுப் புகழ் பெற்றது. இன்று சுத்திகரிப்பு ஆலையில் அதே ஃபீனாலைச் சாக்கடைக் கசட்டின் உறவினர்களான கிருமிகள் உண்டு தீர்க்கின்றன. அளவு கொஞ்சம் கூடினால் அது நஞ்சு; குறைந்திருந்தால் உணவு. ஃபீனால் கூடக் கூட அவற்றின் வளர்ச்சி முதலில் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு சரியும். தொட்டியை நடத்துகிறவரின் திறமையெல்லாம் அந்த உச்சத்துக்கு இந்தப் பக்கமே நிற்பதில் இருக்கிறது.

வளையம் திறக்கும் விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பென்சீன் வளையத்தில் எலக்ட்ரான்கள் எந்த ஒரு பிணைப்புக்கும் சொந்தமில்லாமல் ஆறு கார்பன்களுக்கும் பொதுவாகச் சுற்றிவருகின்றன. அந்தப் பொதுவுடைமையால் வளையத்துக்குக் கிடைக்கும் கூடுதல் உறுதி மோலுக்கு ஏறக்குறைய 150 கிலோஜூல். இதை நேராக மோதி உடைக்க எந்த உயிரிடமும் வலுவில்லை. சூடோமோனாஸ் புடிடா போன்ற பாக்டீரியா மோதுவதுமில்லை. அது முதலில் கொடுக்கிறது. தன் உயிரணுவுக்குள் ஆற்றல் நாணயமாகச் சேமித்துவைத்திருக்கும் எலக்ட்ரான் இணை ஒன்றைச் செலவழித்து, காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றை இரும்பு அணுவின் மேல் அமர்த்தி, வளையத்தின் அடுத்தடுத்த இரு கார்பன்களில் ஆளுக்கொரு ஆக்சிஜனாக வைத்துவிடுகிறது. உணவிலிருந்து இன்னும் ஒரு துளி ஆற்றலும் எடுக்கவில்லை, அதற்குள் கையிருப்பு போய்விட்டது. அடுத்த படியிலேயே அந்த எலக்ட்ரான் இணை திரும்பக் கிடைக்கிறது. அந்தப் படி முடிவில் பென்சீன், கேட்டகால் என்ற பொருளாகியிருக்கும். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் செலவு சுழியம். ஆனால் அந்தக் கடனை முதலில் கொடுக்காமல் கதவு திறந்திருக்காது. ஃபீனாலுக்கு வழி சற்று வேறு. அதில் ஓர் ஆக்சிஜன் ஏற்கெனவே இருப்பதால் இன்னும் ஒன்றை மட்டும் வைத்தால் போதும். அங்கே கொடுத்த கடன் உடனே திரும்புவதில்லை, வெகு தூரம் போய்த்தான் ஈடாகிறது.

அந்த இரண்டு ஆக்சிஜன்களும் வளையத்தின் ஒரே பக்கத்தில்தான் அமரும் என்பது இன்னொரு நுட்பம். தட்டையான வளையத்தின் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று என்று ஒருபோதும் அமைவதில்லை. டேவிட் கிப்சன் என்ற ஆய்வாளர் 1960களின் இறுதியில் இதைக் கண்டு சொன்னார். எடை கூடிய ஆக்சிஜனைக் காற்றில் கலந்து கொடுத்து, இரண்டும் ஒரே மூலக்கூறிலிருந்து வந்தவை என்றும் காட்டினார்கள். அவர் ஆராய்ந்த புகழ்பெற்ற பாக்டீரியா வகை ஒன்று, இல்லினாய் மாநிலத்து அர்பானா நகரில், அழுக்கான ஓடை ஒன்றிலிருந்து பிடித்துவரப்பட்டது. காற்றின் ஆக்சிஜனை உயிர்கள் மூச்சுவிடத்தான் பயன்படுத்துகின்றன, உணவின் உடலுக்குள் நேரடியாக வைத்துத் தைப்பதில்லை என்றே அதற்கு முன் பலர் நம்பியிருந்தார்கள். 1955இல் ஒசாமு ஹயாய்ஷியும் அவரது கூட்டாளிகளும் கேட்டகாலைத் திறக்கும் நொதியை வைத்து அந்த நம்பிக்கையை மாற்றினார்கள்.

கேட்டகாலில் இரண்டு ஆக்சிஜன்கள் அருகருகே நிற்கின்றன. அந்த இடத்தில் வளையம் முன்போல் இறுகியிருப்பதில்லை. அடுத்த ஆக்சிஜன் மூலக்கூறு வந்து அமர்ந்தால் வளையம் திறக்கும். எங்கே திறக்கும் என்பதில் பாக்டீரியாக்களுக்குள் இரண்டு மரபுகள். ஒரு மரபு, இரண்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே வெட்டும். அந்த நொதிக்குள் மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு இருக்கிறது, ஆகவே அது செந்நிறமாக இருக்கும். மற்ற மரபு, இரண்டையும் விட்டு ஓரமாக வெட்டும். அதில் உள்ள இரும்பு இரண்டு எலக்ட்ரான் மட்டும் இழந்தது, அந்த நொதிக்கு நிறமில்லை. ஆனால் அது வெட்டிப் போட்ட பொருள் பளீரென்ற மஞ்சள். தட்டில் வளர்ந்திருக்கும் பாக்டீரியாக் கூட்டங்களின் மேல் கேட்டகால் கரைசலைத் தெளித்தால், ஓரமாக வெட்டும் கூட்டங்கள் மட்டும் கண் முன்னாலேயே மஞ்சளாகிவிடும். எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும். வளையம் திறந்ததை இத்தனை தெளிவாகத் தானே அறிவிக்கும் வேதிவினை வேறு எத்தனை இருக்கும்? அதன் பிறகு எல்லாம் விரைவு. சில படிகளில் அது பைருவேட்டாகவும் அசிட்டால்டிஹைடாகவும் சிதைந்து, நாம் சாப்பிட்ட இட்லி கடைசியில் போய்ச் சேரும் அதே வளர்சிதைப் பாதையில் கலந்துவிடுகிறது.

பென்சீனில் ஆக்சிஜனை வைத்த நொதியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றைப் பற்றி ஓர் இடைச்செருகல். நாஃப்தலீனில் ஆக்சிஜனை வைக்கும் நொதிக்கான மரபணுக்களை 1983இல் பர்ட் என்ஸ்லியும் அவரது குழுவினரும் வேறொரு பாக்டீரியாவுக்குள் ஏற்றினார்கள். அது வளர்ந்த தட்டில் நீல நிறம் தோன்றியது. ஆராய்ந்தால் அது இண்டிகோ, நம் ஊரில் அவுரிச் செடியிலிருந்து எடுத்த அதே சாயம். பாக்டீரியாவிடம் இயல்பாக இருந்த இண்டோல் என்ற பொருளை, நாஃப்தலீன் என்று எண்ணி இந்த நொதி தொட்டுவிட்டது. பாச்சா உருண்டையைத் தின்னப் பிறந்த நொதி, வழியில் வேறொன்றைத் தொட்டு அவுரி நீலம் செய்கிறது. வேலையில் கறாராகவும் யாரைத் தொடலாம் என்பதில் தாராளமாகவும் இருக்கும் இந்தக் குணம்தான் கழிவுநீரில் நமக்குக் கை கொடுக்கிறது. நூற்றுக்கணக்கான கூட்டுப்பொருள்கள் கலந்து வரும் நீரில், ஒவ்வொன்றுக்கும் தனி நொதி தேடினால் காரியம் ஆகுமா?

டொலுவீன், ஃபீனால் போன்றவை உயிரணுச் சவ்வின் கொழுப்பில் புகுந்து அதை இளக்கிக் கிழித்துவிடக் கூடியவை. அதற்குச் சூடோமோனாஸ் செய்துகொள்ளும் ஏற்பாடும் நுட்பமானது. சவ்வில் உள்ள கொழுப்பு அமிலங்களின் வளைந்த வால்களை, புதிதாக ஒன்றும் கட்டாமல், இருக்கும் இடத்திலேயே நிமிர்த்திவிடுகிறது. நிமிர்ந்த வால்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன, சவ்வு இறுகுகிறது. மீறி உள்ளே வந்ததை வெளியே தள்ளத் தனி இறைப்பான்கள் வேறு. 1989இல் இனோவே, ஹொரிகோஷி என்ற இரு ஜப்பானியர்கள் பாதிக்கு மேல் டொலுவீனாக இருந்த கலவையிலும் வளரும் ஒரு வகையைக் கண்டார்கள். இத்தனை ஆபத்து தெரிந்தும் சில வகைகள் டொலுவீன் இருக்கும் திசையை மோப்பம் பிடித்து அதை நோக்கி நீந்துகின்றன.

தனி உயிரின் திறமை இவ்வளவு. ஆனால் தொட்டியில் எதுவும் தனியாக இல்லை. எல்லாம் தாம் சுரந்த பசையில் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் திரள்களாக மிதக்கின்றன. அந்தத் திரள்களின் அருமையை முதலில் புரிந்துகொண்டவர்கள் மான்செஸ்டரின் டேவிஹ்யூம் கழிவுநீர் நிலையத்து ஆர்டனும் லாக்கெட்டும். பாசி வளராதபடி புட்டிகளைப் பழுப்புத் தாளால் மூடி, சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்தினார்கள். முழுதாகச் சுத்தமாக ஐந்து வாரம் பிடித்தது. மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கசட்டை வீசாமல் வைத்துக்கொண்டு, புதிய சாக்கடை நீரை அதன் மேல் ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப இதையே செய்தார்கள். ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள் சுருங்கியது. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றும் எந்த வீட்டுக்கும் இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. 1914 ஏப்ரலில் அவர்கள் இதை அறிவித்தார்கள். அவர்களை இந்த வழியில் தூண்டியவர் கில்பர்ட் ஃபவ்லர். அவர் 1916இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்துவிட்டார். இந்த வித்தை நம் பக்கத்துக்கு எவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறது என்று நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.

தொட்டி நலமாக இருக்கிறதா என்று அறியும் முறை எனக்கு இந்தத் தொழிலிலேயே மிக அழகானது. ஒரு லிட்டர் அளவுஜாடியில் தொட்டி நீரை நிரப்பி, அசைக்காமல் வைத்து, அரை மணி நேரம் பார்க்க வேண்டும். முதலில் ஜாடி முழுக்கப் பழுப்பு. ஓரிரு நிமிடங்களில் திரள்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன. பிறகு மேலே ஒரு கோடு தோன்றுகிறது. கோட்டுக்கு மேல் நீர், கீழே கசடு. கோடு ஒரே சீராக இறங்குகிறது. இறங்கும்போது அது வடிகட்டியின் வேலையையும் செய்கிறது. அலைந்து திரியும் சிறு துகள்களைத் தன்னோடு அள்ளிக்கொண்டு போகிறது. அரை மணியில் கசடு நன்றாகக் கீழே படிந்து, மேல்நீர் தெளிந்திருந்தால் ஷிஃப்டில் இருப்பவருக்கு நிம்மதி. கோடு பாதியிலேயே தயங்கி நின்றால் இழை வடிவப் பாக்டீரியாக்கள் பெருகிவிட்டன என்று பொருள். சல்ஃபைடு கூடுதலாகத் தப்பி வரும் ஆலைகளில் தியோத்ரிக்ஸ் என்ற இழை வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் உடலுக்குள் கந்தக மணிகள் வரிசையாக மின்னும். பார்க்க அழகு, தொட்டிக்கு ஆகாது. நலமான கசட்டுக்கு மண் வாசனை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆலை முழுவதும் எண்ணெயும் கந்தகமும் நாறும்போது, அந்தப் பழுப்பு நீரைக் கையில் எடுத்தால் நனைந்த தோட்டத்தின் மணம் வருகிறது.

நுண்ணோக்கியில் இன்னும் ஒருவரைப் பார்க்கலாம். வோர்டிசெல்லா. மணி வடிவத் தலை, நீண்ட காம்பு. காம்பின் அடி ஏதோ ஒரு திரளைப் பற்றியிருக்கும். தலையின் விளிம்பில் உள்ள மயிரிழைகள் சுழன்று நீரோட்டம் உண்டாக்கி, திரளில் சேராமல் ஒற்றையாகத் திரியும் பாக்டீரியாக்களை வாய்க்குள் இழுக்கும். மேல்நீர் கண்ணாடிபோல் தெளிவதில் பெரிய பங்கு இவர்களுக்கு உண்டு. ஏதாவது உரசினால் காம்பு சுருள்வில்லாகச் சுருண்டுவிடும். எல்லாம் சில மில்லி நொடிகளில், கால்சியத்தின் ஒரு தட்டலில். லேவன்ஹூக் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பார்த்து வியந்தவர். ஆக்சிஜன் குறைந்தாலோ நஞ்சு ஏறினாலோ வோர்டிசெல்லா தன் காம்பை விட்டுவிட்டு, தலையை மட்டும் எடுத்துக்கொண்டு நீந்திப் போய்விடும். ஆய்வகத்தில் ஃபீனால் அளவு வந்து சேருவதற்கு முன்பே, காலியாக நிற்கும் காம்புகளைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று புரிந்துகொள்ளும் அனுபவசாலிகள் உண்டு.

இவர்கள் எல்லோரையும்விட மெதுவானவர்கள் அம்மோனியாவை உண்பவர்கள். நைட்ரோசோமோனாஸ் ஒன்று இரண்டாக, எல்லாம் கூடிவந்த நிலையிலும், ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஃபீனால் உண்பவை அதே நேரத்தில் பல தலைமுறை கண்டுவிடும். ஒரு நாள் இரவு நஞ்சு அலையாக வந்து தொட்டியைக் கலக்கிவிட்டுப் போனால், ஃபீனால் கூட்டம் சில நாளில் மீண்டுவிடும். அம்மோனியாக் கூட்டம் வாரக்கணக்கில் படுத்துக்கிடக்கும். அவர்களை நம்பி நடத்தும் தொட்டியில் கசட்டை அவசரப்பட்டு வெளியேற்றக் கூடாது. பழைய கசடு அங்கே செல்வம்.

முடிவில் வெளியேறும் நீரில் ஃபீனால் லிட்டருக்கு 0.35 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது 2008இல் திருத்திய இந்திய விதி. எண்ணெய் 5, உயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவான பி.ஓ.டி. 15. அந்த பி.ஓ.டி.யை அளப்பதும் அதே உயிர்களின் பசியை வைத்துத்தான். மூடிய புட்டியில் அவை எவ்வளவு ஆக்சிஜனைக் குடிக்கின்றன என்று பார்க்கிறார்கள். குளிர்நாட்டு முறையில் 20 டிகிரி, ஐந்து நாள். நம் முறையில் 27 டிகிரி, மூன்று நாள். நம் ஊர்ச் சூட்டில் அவற்றின் பசி விரைவானது என்பதை ஒப்புக்கொண்ட கணக்கு. அப்படியும் சில பொருள்கள் கரையாமல் மிஞ்சும். நான்கைந்து வளையங்கள் ஒட்டிய கனத்த மூலக்கூறுகள் திறபடாமல் கசட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தக் கசட்டை எங்கே கொண்டுபோவது என்பது தனிக் கவலை. இந்தத் தொட்டியை எவ்வளவு மெச்சினாலும் அந்தக் கவலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

மணலி ஆலை 1990களிலிருந்தே சென்னைக் குடிநீர் வாரியத்திடம் சுத்திகரித்த சாக்கடை நீரை வாங்கி, மேலும் தூய்மையாக்கித் தன் தேவைக்குப் பயன்படுத்துகிறது. அந்த நீர் கொடுங்கையூரில் இதே கசட்டு முறையைத் தாண்டி வந்த நீர். இரண்டு இடத்திலும் முறை ஒன்றுதான், வந்து சேரும் உணவுதான் வேறு. நகரத்துச் சாக்கடையில் வளரும் பாக்டீரியாவுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாகக் கிடைக்கும், மனிதன் உண்ட எல்லாவற்றிலும் அவை உண்டு. எண்ணெய் ஆலைக் கழிவுநீரில் கார்பன் மிகுதி, அம்மோனியாவும் வரும், பாஸ்பரஸ் அநேகமாக இல்லை. பி.ஓ.டி. 100 பங்கு என்றால் நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்ற விகிதம் வேண்டும். அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால், எத்தனை பென்சீன் வந்தாலும், திறக்கத் தெரிந்த பாக்டீரியா புதிய பாக்டீரியாவைப் பெற முடியாது. ஆகவே பல ஆலைகளில், வயலுக்குப் போடும் அதே டி.ஏ.பி. மூட்டையைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் விடுகிறார்கள்.